கணக்குப் புத்தகத்தோடு ஒரு பெண்: நியூவார்க் ஈகிள்ஸ் அணியின் 1946ஆம் ஆண்டு

விளையாட்டு என்றதும், அது ஆண்பிள்ளைகளின் விடயம் என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடும் சகோதரிகள் எம்மில் பலர். ஆனால் ஒரு விளையாட்டு அணி மைதானத்திலே மட்டும் வாழ்வதில்லை. அதற்குப் பின்னால் சம்பளக் கணக்கு இருக்கிறது, பயணம், சாப்பாடு, தங்குமிடம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, ஏமாற்றப்பட்டால் நியாயம் கேட்க வேண்டிய தேவையும் இருக்கிறது. இவை அத்தனையையும் ஒரு பெண் தன் கையிலே எடுத்து நடத்திய கதையை இம்மாதம் தருகிறோம்.

இது அமெரிக்காவிலே நடந்த உண்மைக் கதை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, போனவர்கள் வீடு திரும்பிய 1946ஆம் ஆண்டின் கதை. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டுங்கள். அவர்களோடு பேசுவதற்குச் சில கேள்விகளையும் கடைசியில் சேர்த்திருக்கிறோம்.

எல்லேக்கு உறவான விளையாட்டு

அமெரிக்கர்கள் விரும்பி ஆடும் விளையாட்டு பேஸ்போல். எமது பாடசாலைகளிலும் புத்தாண்டு விளையாட்டு விழாக்களிலும் ஆடப்படும் எல்லே விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தடியால் பந்தை அடித்துவிட்டு, குறித்த இடங்களைத் தொட்டபடி வட்டமாக ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். ஓர் அணியில் 9 பேர். ஒவ்வோர் அணிக்கும் 9 முறை துடுப்பெடுத்தாடச் சந்தர்ப்பம் கிடைக்கும். பந்தை எறிபவர்தான் அங்கே பெரிய ஆள். அவருடைய கை நன்றாக இருந்தால் எதிரணியினர் பந்தைத் தொடவும் திணறுவார்கள்.

பூட்டப்பட்ட கதவு

இந்த விளையாட்டை வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே அளவு ஆசையோடுதான் ஆடினார்கள். ஆனால் ஒன்றாக ஆட விடப்படவில்லை. 1884ஆம் ஆண்டில் மோசஸ் பிளீற்வூட் வோக்கர் என்ற கறுப்பினத்தவர் பெரிய லீக் ஒன்றிலே ஆடினார். அதன் பின்னர் கதவு மூடப்பட்டது. கறுப்பினத்தவரைச் சேர்க்கக்கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. அணிகளின் முதலாளிமார் தமக்குள்ளே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. எழுதாத சட்டத்துக்கு எதிராக வழக்குப் போடுவதும் கடினம். அந்தக் கதவு 60 ஆண்டுகளுக்கு மேல் பூட்டியே கிடந்தது.

கறுப்பின மக்கள் தமக்கென்று அணிகளை அமைத்துக் கொண்டார்கள். 1920ஆம் ஆண்டில் ரூப் பொஸ்ரர் என்பவரின் முயற்சியால் கறுப்பினத்தவரின் தேசிய லீக் உருவானது. பொருளாதார மந்தத்திலே அது நின்றுபோக, 1933இல் இன்னொன்று தொடங்கியது. வீரர்கள் பஸ் வண்டியிலே ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். தென்மாநிலங்களில் அவர்களுக்கு ஹோட்டலில் அறை கொடுக்கமாட்டார்கள். சாப்பாட்டுக் கடைகளில் இருந்து உண்ண விடமாட்டார்கள். கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளிலும் சிறிய விடுதிகளிலும் தங்கினார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் பஸ்ஸிலேயே படுத்தார்கள்.

எஃபா மான்லி என்ற பெண்

நியூயோர்க்குக்கு அருகில் நியூ ஜேர்சி மாநிலத்தில் நியூவார்க் என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1936ஆம் ஆண்டில் 'நியூவார்க் ஈகிள்ஸ்', அதாவது நியூவார்க் கழுகுகள், என்ற கறுப்பின அணி உருவானது. அதன் உரிமையாளர்கள் ஏப் மான்லி, எஃபா மான்லி என்ற தம்பதியர். ஏப் மான்லியின் பணத்தில் ஒரு பகுதி அக்காலத்தில் சட்டத்துக்குப் புறம்பாக நடந்த இலக்கச் சூதாட்டத்திலிருந்து வந்தது. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். வங்கிகள் கறுப்பினத்தவருக்குக் கடன் கொடுக்கத் தயங்கிய காலத்தில், கறுப்பின அணிகள் பலவற்றுக்கு இப்படிப்பட்ட பணமே முதலாக இருந்தது.

வீரர்களைத் தெரிவு செய்வது ஏப்பின் வேலை. மற்றைய எல்லாம் எஃபாவின் வேலை. வீரர்களின் ஒப்பந்தங்கள், சம்பளம், பயண ஒழுங்கு, பத்திரிகை விளம்பரம், கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் அவரே பார்த்தார். லீக் கூட்டங்களிலே ஆண்களுக்கு நடுவில் இருந்து கேள்வி கேட்டார். கணக்கு வழக்குகளை ஒழுங்காக வைக்க வேண்டும், ஆட்ட அட்டவணையை முறையாகப் போட வேண்டும் என்று ஓயாமல் வற்புறுத்தினார். ஒரு பெண் வந்து எங்களுக்குச் சொல்வதா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

எஃபா 1897ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் பிறந்தவர். தமது தாயும் பெற்ற தந்தையும் வெள்ளையர் என்று பிற்காலப் பேட்டியொன்றிலே அவரே கூறியிருக்கிறார். ஆனால் வளர்ந்தது கறுப்பினத் தந்தை ஒருவரின் வீட்டிலே, கறுப்பினச் சகோதரர்களோடு. வெள்ளைப் பெண்ணாக வாழ்ந்து சுகம் தேடியிருக்கலாம். அவரோ வாழ்நாள் முழுவதும் கறுப்பின மக்களில் ஒருவராகவே வாழ்ந்தார்.

அணிக்கு வருவதற்கு முன்னரே அவருக்குப் போராட்டம் பழக்கமாயிருந்தது. நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் புளூம்ஸ்ரீன் என்றொரு பெரிய கடை இருந்தது. அங்கே பொருள் வாங்குவோரில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். ஆனால் விற்பனைப் பெண்ணாக ஒரு கறுப்பினப் பெண்ணைக்கூட அவர்கள் சேர்க்கவில்லை. 1934ஆம் ஆண்டில், வேலை தராத கடையிலே பொருள் வாங்குவதில்லை என்று மக்கள் கடை வாசலில் மறியல் செய்தார்கள். கடைக்காரரோடு பேசப் போனவர்களில் எஃபாவும் ஒருவர். படித்த பெண்பிள்ளைகளுக்கும் பிறர் வீட்டு வேலையை விட்டால் வேறு வழியில்லை என்பதை அவர் எடுத்துச் சொன்னார். சில வாரங்களில் கடை இறங்கி வந்தது; கறுப்பினப் பெண்கள் விற்பனையாளர்களாகச் சேர்க்கப்பட்டார்கள்.

நியூவார்க்கிலும் அவர் சும்மா இருக்கவில்லை. கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த தேசிய சங்கத்தின் நியூவார்க் கிளைக்குப் பொருளாளராக இருந்தார். அக்காலத்தில் கறுப்பினத்தவரை விசாரணையின்றிக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமை நடந்து வந்தது. அதை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று 1939இல் அவர் தம் அணியின் ஆட்டமொன்றையே எதிர்ப்பு நாளாக மாற்றினார். மைதானத்தில் பணி செய்தவர்கள் கொலைகளை நிறுத்து என்ற வாசகம் பொறித்த பட்டிகளை அணிந்து நின்றார்கள். அத்தகைய சட்டம் அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது என்பதை இங்கே சொல்லி வைக்கிறோம்.

யுத்தம் கொண்டுபோன ஆண்டுகள்

1941 டிசம்பரில் அமெரிக்கா உலக யுத்தத்தில் இறங்கியது. ஈகிள்ஸ் அணியின் இளைஞர்கள் ஒவ்வொருவராகப் படைக்கு அழைக்கப்பட்டார்கள். சுதந்திரத்துக்காகப் போராடுகிறோம் என்று சொன்ன அந்தப் படையிலும் கறுப்பினத்தவர் தனிப் பிரிவுகளிலேயே வைக்கப்பட்டிருந்தார்கள்.

லியோன் டே என்ற பந்து வீச்சாளர், நிலத்திலும் நீரிலும் ஓடும் வாகனங்களின் பிரிவிலே பணியாற்றினார். 1944 ஜூனில் பிரான்சின் நோர்மண்டிக் கரையிலே, தாக்குதல் தொடங்கிய சில நாட்களில், வெடிமருந்து ஏற்றிய வாகனத்தோடு இறங்கினார். மொன்ரி ஏர்வின் பொறியியற் படைப் பிரிவோடு ஐரோப்பாவுக்குப் போனார். மக்ஸ் மானிங் அங்கே இராணுவ லொறி ஓட்டினார். லரி டோபி பதின்ம வயதிலேயே ஈகிள்ஸ் அணியில் சேர்ந்தவர். அவர் கடற்படையிலே பசுபிக் சமுத்திரத்தின் உலித்தி என்ற தீவுக்கு அனுப்பப்பட்டார்.

யுத்தம் ஓய்ந்ததும் 1945 செப்டெம்பரில் ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரில் படையினருக்கான பேஸ்போல் போட்டி நடந்தது. ஹிட்லரின் கட்சி பெருங்கூட்டங்கள் நடத்திய ஊர் அது. அங்கே வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்த ஓர் அணியிலே லியோன் டே பந்து வீசினார். அந்த அணியே வென்றது. தாய்நாட்டிலே கிடைக்காத சமத்துவம், எதிரியின் மண்ணிலே சில நாட்களுக்குக் கிடைத்தது.

அதற்கு அடுத்த மாதம் ஒரு செய்தி வந்தது. ஜக்கி ரொபின்சன் என்ற கறுப்பின வீரரை, வெள்ளையர் அணியான புரூக்ளின் டொட்ஜர்ஸ் ஒப்பந்தம் செய்து, தன் கீழ்நிலை அணியான மொன்றியலுக்கு அனுப்பியிருந்தது. உலித்தித் தீவிலே வானொலியில் லரி டோபி இதைக் கேட்டார். எமக்கும் ஒரு நாள் வரும் என்ற எண்ணம் அவருக்கு அன்றுதான் பிறந்தது.

ஆனால் யுத்தத்தினின்று எல்லோரும் போனபடியே திரும்புவதில்லை. இப்படி முதல் ஆளாகப் போகத் தகுந்தவர் மொன்ரி ஏர்வினே என்று கறுப்பின அணி உரிமையாளர்கள் பலர் முன்னர் கருதியிருந்தார்கள். டொட்ஜர்ஸ் அணியினர் அவரையும் அணுகினார்கள். ஆனால் அவருக்கோ காதுக்குள் ஓயாத இரைச்சல். உடலின் சமநிலை குலைந்திருந்தது. மூன்று ஆண்டுகள் ஆட்டம் இல்லை. நான் இன்னும் தயாராகவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். உடம்பிலே வெட்டுக்காயம் தெரியாவிட்டாலும் யுத்தம் அவரிடம் எடுத்துக்கொண்டது அதிகம். அந்தக் குளிர்காலத்தில் அவர் புவெர்ட்டோ ரிக்கோ தீவுக்குப் போய், அங்கே ஆடி ஆடியே தம் உடலைத் தேற்றிக்கொண்டார்.

மே மாதம் 5ஆம் திகதி

1946 மே 5, ஞாயிற்றுக்கிழமை. நியூவார்க்கின் ரப்பேர்ட் மைதானத்தில் பருவத்தின் முதல் ஆட்டம். அந்த மைதானமும் சொந்தமல்ல. வெள்ளையர் அணியொன்று வெளியூர் போகும் நாட்களில் வாடகைக்கு எடுத்தது. இருந்தாலும் மக்களுக்கு அது திருவிழா. தேவாலயத்துக்குப் போன நல்ல உடுப்போடும் தொப்பியோடும் பெண்களும் ஆண்களும் நேரே மைதானத்துக்கு வருவது அங்கே வழக்கம்.

எதிரணி பிலடெல்பியா ஸ்ரார்ஸ். படையிலிருந்து திரும்பிய லியோன் டே பந்தைக் கையில் எடுத்தார். ஒன்பது முறை எதிரணி ஆடி முடிந்தது. அவருடைய பந்தை அடித்து நேர்மையாக ஒரு தளத்தையேனும் அடைய அவர்களில் ஒருவராலும் முடியவில்லை. பேஸ்போலில் மிக அரிதாக நடக்கும் சாதனை இது. ஈகிள்ஸ் 2-0 என வென்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் படையிலே இருந்துவிட்டு வந்த மனிதர், ஊரிலே ஆடிய முதல் ஆட்டம் அது. அந்தப் பருவத்தின் எஞ்சிய நாட்களை அவர் கைவலியோடு கடக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

அணியின் பயிற்றுநர் பிஸ் மக்கி. நடுத்தளத்திலே டோபியும் ஏர்வினும் அருகருகே நின்றார்கள். பந்து வீச டே, மானிங், ரூபஸ் லூயிஸ் ஆகியோர். எஃபாவும் ஏப்பும் குளிரூட்டிய பஸ் வண்டியொன்றை அணிக்காக வாங்கியிருந்தார்கள். கறுப்பின அணிகளிலே அது பெரிய வசதி. ஆட்டம் இல்லாத மாதங்களிலே வீரர்களின் குடும்பங்கள் பட்டினி கிடக்கக் கூடாதென்று, புவெர்ட்டோ ரிக்கோவில் அவர்கள் சம்பளத்துக்கு ஆட ஒழுங்கு செய்தார்கள். ஏர்வின் முதல் வீடு வாங்கியபோது முற்பணத்துக்குக் கடன் கொடுத்தார்கள். கண்டிப்பான எசமானி என்று எஃபாவைப் பற்றி முறைப்பட்ட வீரர்களும் உண்டு. சம்பளப் பேச்சிலே அவர் விட்டுக்கொடுப்பவர் அல்லர். ஆனால் ஒத்துக்கொண்ட பணம் வந்து சேரும் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது.

அவ்வாண்டு நியூவார்க் ஆட்டங்களைப் பார்க்க வந்தவர்கள் சுமார் 120,000 பேர். அந்நகரில் வளர்ந்த கவிஞர் அமிரி பராக்கா அப்போது சிறுவன். தகப்பனோடு ஈகிள்ஸ் ஆட்டம் பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் மகிழ்ச்சியைத் தம் சுயசரிதையிலே அவர் எழுதியிருக்கிறார். தம்மைப் போன்ற நிறமுடையவர்கள் திறமையோடும் பெருமையோடும் நடமாடுவதைக் காண்பது, ஒரு பிள்ளையின் மனத்திலே எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு அது சான்று.

ஏழு ஆட்டங்கள்

தேசிய லீக்கிலே பல ஆண்டுகளாக முன்னணியில் நின்ற அணி ஹோம்ஸ்ரெட் கிறேஸ். 1946இல் அதைப் பின்தள்ளி ஈகிள்ஸ் முதலிடம் பெற்றது. மற்றைய லீக்கிலே கன்சாஸ் சிற்றி மொனார்க்ஸ் வென்றிருந்தது. இரண்டும் மோதின. நான்கு ஆட்டங்களில் முதலில் வெல்பவருக்கே வெற்றிக்கிண்ணம்.

மொனார்க்ஸ் அணியிலே சச்சல் பேஜ் இருந்தார். கறுப்பின லீக்குகளின் மிகப் புகழ்பெற்ற பந்து வீச்சாளர் அவர். செப்டெம்பர் 17இல் நியூயோர்க்கில் நடந்த முதல் ஆட்டத்தை மொனார்க்ஸ் 2-1 என வென்றது. இரண்டாவதை ஈகிள்ஸ் 7-4 என வென்றது. மூன்றாவதிலே 15-5 என்ற பெருந்தோல்வி. இத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் நான்காவதிலே ஈகிள்ஸ் 8-1 என எழுந்து நின்றது. ஐந்தாவதிலே மீண்டும் 5-1 எனத் தோல்வி. இன்னும் ஒன்றில் தோற்றால் எல்லாம் முடிந்துவிடும் என்ற நிலையில், ஆறாவது ஆட்டத்தை 9-7 என வென்றது.

செப்டெம்பர் 29. நியூவார்க்கில் ஏழாவது ஆட்டம். அன்று சச்சல் பேஜ் மைதானத்துக்கு வரவேயில்லை. ரூபஸ் லூயிஸ் ஈகிள்ஸுக்காகப் பந்து வீசினார். ஜொனி டேவிஸ் அடித்த ஓர் அடி இரண்டு ஓட்டங்களைப் பெற்றுத் தந்தது. முடிவு 3-2. கறுப்பின அணிகளின் உலகத் தொடரிலே நியூவார்க் ஈகிள்ஸ் வாகை சூடியது. வெற்றி பெற்றவர்களில் பலர் ஓராண்டுக்கு முன் சீருடையில் நின்றவர்கள். அவர்களின் சம்பளப் புத்தகத்தை எழுதியவர் ஒரு பெண்.

கதவு திறந்தது, கூட்டம் குறைந்தது

கதை இங்கே முடிந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் இனித்தான் நாம் யோசிக்க வேண்டிய பகுதி வருகிறது.

1947 ஏப்ரல் 15இல் ஜக்கி ரொபின்சன் பெரிய லீக்கிலே கால் வைத்தார். 60 ஆண்டு பூட்டு உடைந்தது. கறுப்பின மக்கள் எல்லோரும் அதைக் கொண்டாடினார்கள். நியூவார்க் மக்களும் ரயிலேறி அவருடைய ஆட்டத்தைப் பார்க்கப் போனார்கள். ஈகிள்ஸ் மைதானத்திலே இருக்கைகள் காலியாகின. 1946இல் சுமார் 120,000 பேர் வந்த இடத்திலே 1947இல் சுமார் 57,000. 1948இல் சுமார் 35,000. எந்த நாளுக்காக எஃபா பாடுபட்டாரோ அந்த நாளே அவரது அணியைச் சாய்த்தது.

அதைவிட வேதனையானது இன்னொன்று. டொட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, ஈகிள்ஸ் அணியின் இளம் பந்து வீச்சாளர் டொன் நியூகம் என்பவரையும் எடுத்துக் கொண்டார். அதற்காக ஒரு சதமேனும் கொடுக்கவில்லை. கறுப்பின லீக்குகள் ஒழுங்கான அமைப்புகள் அல்ல, அவர்களின் ஒப்பந்தங்களை மதிக்கத் தேவையில்லை என்பது அவருடைய வாதம். வெள்ளையர் அணியிலிருந்து வீரரை எடுத்தால் விலை கொடுப்பார்கள். கறுப்பின அணியிலிருந்து எடுத்தால் சும்மா எடுக்கலாம். கதவைத் திறந்த அதே கைதான் இதையும் செய்தது.

மற்றைய உரிமையாளர்கள் பலர் வாய் திறக்கப் பயந்தார்கள். எதிர்த்துப் பேசினால், இளைஞர்களின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று தம் மக்களே ஏசுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. எஃபாவோ பகிரங்கமாகக் கேட்டார். எங்கள் பிள்ளைகள் போகட்டும். ஆனால் எங்கள் உழைப்புக்கும் முதலுக்கும் உரிய விலையைக் கொடுங்கள் என்பதே அவரது நிலைப்பாடு.

1947 ஜூலையில் கிளீவ்லண்ட் இந்தியன்ஸ் அணியின் உரிமையாளர் பில் வெக், லரி டோபியைக் கேட்டு வந்தார். 10,000 டொலர் தருவதாகச் சொன்னார். இந்தப் பையன் வெள்ளையனாக இருந்தால் நீங்கள் 100,000 டொலர் கொடுப்பீர்கள் என்று எஃபா நேரே சொன்னார். டோபி அங்கே நிலைத்துவிட்டால் மேலும் 5,000 டொலர் என்று முடிவாயிற்று. தொகை சிறியது. ஆனால் பெரிய லீக் அணியொன்று கறுப்பின அணியின் ஒப்பந்தத்தை மதித்து விலை கொடுத்தது. ஜூலை 5ஆம் திகதி டோபி, அமெரிக்க லீக் என்ற பிரிவிலே ஆடிய முதற் கறுப்பினத்தவரானார். அன்று புதிய அணியினரில் சிலர் அவருக்குக் கைகொடுக்கவும் மறுத்தார்கள். அடுத்த ஆண்டு அந்த அணி உலகத் தொடரை வென்றபோது, டோபியும் வெள்ளை நிற வீரர் ஒருவரும் கட்டித்தழுவிச் சிரிக்கும் புகைப்படம் நாடெங்கும் வெளிவந்தது.

மொன்ரி ஏர்வினையும் ரிக்கி சும்மா எடுக்கப் பார்த்தார். எஃபா சட்டத்தரணியோடு எதிர்த்து நிற்க, ரிக்கி விலகிக் கொண்டார். 1949இல் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணி 5,000 டொலர் கொடுத்து ஏர்வினைப் பெற்றது. அதற்கிடையில், 1948ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும், மான்லி தம்பதியர் அணியை விற்றுவிட்டார்கள். ஈகிள்ஸ் நியூவார்க்கை விட்டு ஹியூஸ்ரன் நகருக்குப் போனது.

நீதி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நினைப்பதுண்டு. நீதி வரும் வழியிலும் யாரோ ஒருவருடைய பல வருட உழைப்பு கணக்கில் வராமல் போகலாம். வரவேற்க வேண்டியதை வரவேற்றுக் கொண்டே, தரவேண்டியதைத் தா என்றும் கேட்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதை எஃபா மான்லி காட்டினார். அப்படிக் கேட்பதற்கு அவருக்குத் துணையாக இருந்தது அவரது கணக்குப் புத்தகமும், கையொப்பமிட்ட ஒப்பந்தங்களும்தான். எழுதி வைத்தவருக்கே கேட்பதற்கு ஆதாரம் உண்டு. கடன் கொடுக்கல் வாங்கல் என்றாலும், காணி உறுதி என்றாலும், சிறு கைத்தொழில் என்றாலும் இது எமக்கும் பொருந்தும்.

தாமதமாக வந்த மரியாதை

ஏப் மான்லி 1952இல் காலமானார். எஃபா பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போனார். அங்கிருந்தும் அவருடைய பேனா ஓயவில்லை. கறுப்பின லீக் வீரர்களுக்குப் பேஸ்போல் புகழ் மண்டபத்திலே இடம் கொடுக்க வேண்டும் என்று கடிதங்கள் எழுதினார். 1976இல் கறுப்பின பேஸ்போல் பற்றிய நூல் ஒன்றையும் இன்னொருவருடன் சேர்ந்து வெளியிட்டார். 1981இல் மறைந்தார். அவர் பேஸ்போலை நேசித்தார் என்ற கருத்துள்ள வாசகம் அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

ஏர்வினுக்கு 1973இலும் டோபிக்கு 1998இலும் புகழ் மண்டபத்திலே இடம் கிடைத்தது. லியோன் டே தெரிவு செய்யப்பட்டது 1995 மார்ச் மாதத்தில். செய்தி அவருக்கு மருத்துவமனைக் கட்டிலிலே எட்டியது. ஆறு நாட்களில் அவர் கண்மூடினார். 2006ஆம் ஆண்டிலே பிஸ் மக்கியோடு எஃபா மான்லியும் தெரிவானார். அந்த மண்டபத்தில் இடம்பெற்ற முதலாவது பெண் அவரே. அவருடைய கதை சிறுவர்களுக்கான படப் புத்தகமாகவும் வெளிவந்திருக்கிறது.

2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு கறுப்பின லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று அமெரிக்கப் பேஸ்போல் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. 2024இல் அவ்வீரர்களின் பெறுபேறுகள் பிரதான பதிவேட்டிலே சேர்க்கப்பட்டன. அந்தப் பதிவேட்டைச் சரிசெய்ய ஆராய்ச்சியாளர்கள் பழைய பத்திரிகைகளிலே ஒவ்வோர் ஆட்டமாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. 1946இல் ஆடியவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதற்குள் மறைந்துவிட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பெயர்களை இப்போது பதிவேட்டிலே பார்க்கிறார்கள்.

பிள்ளைகளோடு பேசுவதற்கு

1. கறுப்பினத்தவரைச் சேர்க்கக் கூடாது என்பது எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. எழுதாத விதிகள் எங்கள் பாடசாலையிலோ ஊரிலோ உண்டா? அவற்றால் பாதிக்கப்படுபவர்கள் யார்?

2. மொன்ரி ஏர்வின் நான் இன்னும் தயாராகவில்லை என்று சொன்னார். அது கோழைத்தனமா, தைரியமா?

3. மூன்றாவது ஆட்டத்தில் 15-5 எனத் தோற்ற பின்னர், அந்த அணியினர் பஸ்ஸிலே என்ன பேசியிருப்பார்கள்? நீங்கள் அங்கே இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

4. லரி டோபி பெரிய அணிக்குப் போனதில் எஃபாவுக்கு மகிழ்ச்சி. ஆனாலும் அவர் பணம் கேட்டார். அவர் கேட்டது சரியா? உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விகளுக்குச் சரி, பிழை என்று புள்ளி போட வேண்டாம். பிள்ளைகள் சொல்வதைக் கேளுங்கள். பிறகு ஒரு தடியையும் பழைய ரெனிஸ் பந்தையும் கொடுத்து முற்றத்திலே விளையாட விடுங்கள். பெண்பிள்ளைகளையும் விடுங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு முறை அடித்துப் பாருங்கள்.